புல்லுக்குக் கீழே ஒரு லாரி ஜல்லி

அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டுக்குப் பின்னால் கோல்ஃப் பட்டிங் கிரீன் போடலாம் என்று ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். செயற்கைப் புல்தான். பாய் மாதிரி விரித்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், கொட்டேஷனில் பாதிக்கு மேல் கல்லும் மணலும். ஏமாற்றுகிறாரா சார்?"

இல்லை. கல்லுக்கும் மணலுக்கும் குறைவாகப் போட்டிருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கோல்ஃப் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, தரையோடு உருட்டுவார்கள். அந்த உருட்டலுக்கான இடம்தான் கிரீன். நிஜப் புல் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு அநேகமாகத் தினமும் வெட்ட வேண்டும். 2023 ஜூன் 30 முதல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊர் ஃபீனிக்ஸ். அங்கே வீட்டில் ஒருவர் அதை வளர்க்க ஆசைப்பட்டால் தண்ணீர் பில்லே அவரைத் திருத்திவிடும். எனவே பிளாஸ்டிக்.

வேலை நடக்கும் விதம் எளிது. மண்ணைச் சில அங்குலம் தோண்டி எடுத்து ஜல்லி கொட்டுவார்கள். கூழாங்கல் ஆகாது, அது உருளும். முனை உள்ள உடைகல்தான் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அதன்மேல் எம்-சாண்ட் மாதிரியான கல்பொடியைப் பரப்பி, நனைத்து, அதிரும் இயந்திரத்தால் திமிசு போடுவார்கள். அப்புறம் புல்லை விரித்து, இணைப்புகளை அடியில் ஒட்டி, ஓரத்தில் ஆணி அடிப்பார்கள். கடைசியில் மணல். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

உருளும் பந்து ஏன் நிற்கிறது? உராய்வு என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். ஆனால் வழுக்காமல் உருளும் பந்தில், தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. அசையாத இடத்தில் தேய்ப்பு ஏது? கேரம் காய் வழுக்கிப் போகிறது, அதற்கு உராய்வு என்ற பதில் சரி. அதனால்தான் பவுடர் போடுகிறோம். பந்தை நிறுத்துவது வேறு ஒன்று.

கோல்ஃப் பந்து 46 கிராமுக்கு மேல் இருக்காது. அந்த எடைக்கே இழைகள் மடங்கி, பந்து கொஞ்சம் அமிழ்கிறது. அதாவது பந்து எப்போதும் ஒரு குட்டிப் பள்ளத்தில் உட்கார்ந்தபடி, பள்ளத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. முன்னால் இருக்கும் இழைகளை மடக்க அது சக்தி செலவழிக்கிறது. பின்னால் இருப்பவை நிமிரும்போது அதே அளவு முன்னே தள்ளிவிட்டால் கணக்கு நேராகிவிடும், பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இழை சோம்பேறி. அது நிதானமாக நிமிர்வதற்குள் பந்து தாண்டிவிடுகிறது. முன்னே கொடுத்த கடன் பின்னே முழுசாக வசூலாவதில்லை. பாக்கி, வெப்பமாகப் போய்விடுகிறது. காற்று குறைந்த சைக்கிளை மிதித்தவர்களின் தொடைக்கு இது தெரியும்.

மணலின் வேலை அந்தப் பள்ளத்தை ஆழமாக விடாமல் தடுப்பது. மெரினா மணலில் சைக்கிள் புதைகிறதே என்று கேட்கலாம். அங்கே மணல் பக்கவாட்டில் விலகிப் போக இடம் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மணியும் இழைகளுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கிறது. படியில் அரிசியைத் தட்டித் தட்டி அளந்தால் அமர்ந்து இறுகுமே, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளி இறக்குவார்கள். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ரகத்தில் இழையின் நுனி மட்டும் வெளியே தெரியும்வரை மணல் போகும். குட்டையான நைலான் ரகங்களுக்குக் கொஞ்சம் போதும். மணல் இறுக இறுகப் பந்து அமிழ்வது குறையும், வேகம் கூடும். கிரீனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மணல்தான்.

அந்த வேகத்தை அளக்க ஒரு குச்சி இருக்கிறது. 1935இல் ஓக்மான்ட் மைதானத்தில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தபோது, பிரபல ஆட்டக்காரர் ஜீன் சரசன் உருட்டிய பந்து கிரீனைத் தாண்டி ஓடி மணல் பள்ளத்தில் விழுந்ததை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் ஆட்டக்காரர் பார்த்தார். தரை அநியாய வேகம் என்று அவருக்குச் சந்தேகம். நிரூபிக்க மரத்தில் ஒரு சாய்தடம் செய்தார். இன்றைய வடிவம் அலுமினியம், 3 அடி நீளம். அந்தத் தடத்தில் உள்ள சிறு பள்ளத்தில் பந்தை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரியில் தானாக விடுபட்டு, எப்போதும் ஒரே வேகத்தில் தரைக்கு வரும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே அளவு. பந்து எவ்வளவு தூரம் உருளும் என்று ஆராய நிதி கேட்டால் நம்மூரில் சிரிப்பார்கள். லாரி டயர் குடிக்கும் டீசலும் இதே கேள்விதான்.

ஜல்லிக்கு வருவோம். சமதளத்தில் 10 அடி ஓடும் கிரீனில் நூற்றுக்கு இரண்டு சரிவு இருந்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஏற்றத்தில் 8 அடி. இறக்கத்தில் 13 அடிக்கும் மேல். சரிவு நூற்றுக்கு எட்டைத் தொட்டால் இறக்கத்தில் பந்து நிற்கவே நிற்காது. திமிசு சரியாகப் போடாமல் ஒரு மூலை ஓர் அங்குலம் இறங்கினாலும் பந்து அதைக் கண்டுபிடித்துவிடும்.

மலையடிவார மைதானங்களில் ஒரு நம்பிக்கை உண்டு: பந்து மலையை விட்டு விலகியே ஓடும். மலைக்கு அப்படி ஒரு சக்தியும் கிடையாது. தண்ணீர் வடிய நிலமே மலையிலிருந்து சரிந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. மூடநம்பிக்கை என்று தள்ளவும் மனம் வரவில்லை, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பல நேரம் சரியாகத்தான் இருக்கும்.

வாசகருக்கு இரண்டு விஷயம். கோடை மதியத்தில் செருப்பில்லாமல் அதில் கால் வைக்காதீர்கள். ஆவியாக்கிக் குளிர்விக்க பிளாஸ்டிக் இலைக்கு நீர் இல்லை. மிச்சமாகும் மணல் மூட்டையை ஒப்பந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மழைக்குப் பிறகு தேவைப்படும்.