இரட்டை ஒலிவாங்கியா, திண்ணொலிவாங்கியா?

ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்டீரியோ மைக்கைத் தமிழில் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 'இரட்டை ஒலிவாங்கி' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ரொம்ப நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் இந்தச் சொல்லை நம்பிக் காசைத் தொலைத்த பிறகு இனி சும்மா இருக்க முடியாது.

அவன் ஆசை பெரிதல்ல. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒலியாகப் பதிந்து வைக்க வேண்டும். ரப்பர் பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தாயிற்று, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. இன்னும் எத்தனை வருடம் ரதம் இழுப்போமோ என்று அவனுக்குக் கவலை. இணையக் கடை ஒன்றில் 'இரட்டை ஒலிவாங்கி, வயல் பதிவுக்கு ஏற்றது' என்று தமிழிலேயே போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டான். வயல் பதிவாம்! ரப்பரையும் செம்பனையும் விட்டால் எங்கள் பக்கம் வயல் ஏது? ஒலிக்கூடத்துக்கு வெளியே, நடக்கும் இடத்திலேயே பதியும் 'ஃபீல்ட் ரெக்கார்டிங்'குக்குக் களப்பதிவு என்று ஒரு நல்ல சொல் இருப்பது அந்த மொழிபெயர்ப்பாளருக்கு எட்டவில்லை. சரி, அது வேறு வழக்கு. பெட்டியைத் திறந்தால் சட்டையில் குத்திக்கொள்ளும் குட்டி மைக் இரண்டு. பேட்டி எடுப்பவருக்கு ஒன்று, கொடுப்பவருக்கு ஒன்று. விளம்பரத்தில் பொய் இல்லை. இரட்டைதான்.

"கேட்டுப் பாருங்கண்ணே" என்று ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினான். ரதம் லயத்து முனையில் திரும்பிக் கோயிலுக்கு வருகிறது. நேரில் நின்றவனுக்குத் தெரியும்: உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க அந்த 'உம்ம்ம்' இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, நெஞ்சுக்கு நேரே வந்து, வலப்பக்கம் கடந்து போகும். ஜால்ரா எங்கோ பின்னால் கேட்கும். பதிவிலோ உறுமி, ஜால்ரா, பெண்களின் குலவை, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்டைக்கு நடுவில் ஒரே புள்ளியில் குவிந்து கிடந்தன. பிஸ்கட் டின்னுக்குள் திருவிழா நடத்தியதைப் போல.

ஸ்டீரியோ என்பதன் வேர் 'ஸ்டெரெயோஸ்' என்ற கிரேக்கச் சொல். திடமான, கெட்டியான, கனபரிமாணம் உள்ள என்று பொருள். அதில் 'இரண்டு' எங்குமே இல்லை. இதே வேர் கொலஸ்ட்ராலிலும் ஒளிந்திருக்கிறது: 'கொலே' பித்தம், 'ஸ்டெரெயோஸ்' கெட்டி. பித்தக் கற்களில் முதலில் கண்டெடுத்த பொருளுக்கு வைத்த பெயர் அது. 'இரட்டை'க் கட்சியார் கணக்குப்படி பார்த்தால் நம் ஆட்கள் கிளினிக்கில் 'இரட்டைப் பித்தம்' ஏறிவிட்டது என்று கவலைப்பட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்காரர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள். அணுக்கள் முப்பரிமாண வெளியில் அமைந்திருக்கும் விதத்தால் மட்டும் வேறுபடும் சேர்மங்களான 'ஸ்டீரியோ ஐசோமர்'களுக்குப் 'புறவெளி மாற்றியம்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே யாரும் 'இரட்டை மாற்றியம்' என்று எழுதவில்லை.

'வேர் கிடக்கட்டும், நடைமுறையில் இரண்டு மைக்தானே, இரண்டு ஸ்பீக்கர்தானே?' என்று கேட்பார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். 1933 ஏப்ரலில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கவைத்தபோது பயன்பட்டவை மூன்று தடங்கள் (தனித்தனி ஒலிப்பாதைகள்), மூன்று மைக், மூன்று ஸ்பீக்கர். அதுவும் ஸ்டீரியோதான். மூன்று தடத்தை 'இரட்டை' என்று எப்படிச் சொல்வது? இன்னொரு பக்கம், தம்பி வாங்கியதில் மைக் இரண்டு இருந்தும் ஸ்டீரியோ இல்லை. இரண்டையும் கலந்து ஒரே தடமாக்கித்தான் அந்தக் கருவி பதிந்திருக்கிறது. ஆக, மூன்று இருந்தும் ஸ்டீரியோ உண்டு, இரண்டு இருந்தும் இல்லாமல் போவதுண்டு. எண்ணிக்கை இதில் எங்கே வருகிறது?

நடு-பக்க முறை என்று ஒன்று இருக்கிறது. அதை அறிந்தவர் 'இரட்டை' என்று வாய் திறக்கவே கூசுவார். ஒரே உறைக்குள் ஒரு மைக் நேரே முன்னால் பார்க்கும். இன்னொன்று இரு பக்கவாட்டையும் கேட்கும். இவற்றில் எதுவும் இடமும் இல்லை, வலமும் இல்லை. இரண்டையும் கூட்டினால் இடத் தடம், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வலத் தடம். பக்க மைக்கின் அளவைக் கூட்டிக் குறைத்து, பதிவின் அகலத்தை வீட்டில் உட்கார்ந்தே மாற்றிக்கொள்ளலாம். ஓரிடத்திலேயே இரண்டு மைக்கை 90 டிகிரியில் குறுக்காக வைக்கும் முறை வேறு. பிரெஞ்சு வானொலியார் 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி விரித்து வைத்த முறை வேறு. பின்னதில் நம் தலையைப் போலவே, ஒரு பக்கத்து ஒலி மறுபக்க மைக்குக்கு இம்மியளவு தாமதமாகப் போய்ச் சேரும். எங்கே இருந்து வருகிறது என்பதை அந்தத் தாமதமும் ஒலியளவு வேறுபாடும் சேர்ந்து காதுக்குச் சொல்லும். மைக் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது ஒலியின் இடத்தை எந்த முறையில் பிடிக்கிறது? 'இரட்டை' என்ற சொல் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது, மைக்கை எண்ணச் சொல்லும். விடியற்காலைச் செண்பகப் பறவையின் குரலைப் பதியப் போகிறவர் மைக்கின் சொந்த இரைச்சல், அதாவது மைக்கே எழுப்பும் மெல்லிய இரைச்சல், எவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். உறுமி அடிக்கு முன்னால் அந்த இரைச்சல் காதில் விழாது, செண்பகத்துக்கு முன்னால் விழும்.

'இருசெவி ஒலி' என்போர் கொஞ்சம் மரியாதைக்குரியவர்கள். 1931 டிசம்பரில் பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது தன் கண்டுபிடிப்பை 'இருசெவி' என்ற பொருளில்தான் அழைத்தார். ஆனால் இன்று அந்தப் பெயர் பொம்மைத் தலையின் காதுக்குள் மைக் வைத்து, ஹெட்ஃபோனுக்கென்றே எடுக்கும் பதிவுக்குப் போய்விட்டது. போன சொல்லைத் திரும்பக் கூப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். 'முப்பரிமாண ஒலி'க்கும் அதே கதி. தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் வைக்கும் காலம் இது, அந்தப் பெயரை அவர்களுக்கு விட்டுவிடுவோம்.

என் சொல் திண்ணொலி. திண் என்றால் கெட்டி, உறுதி. 'கற்பென்னும் திண்மை' என்று வள்ளுவர் கையாண்ட வேர். திண்ணொலி, திண்ணொலிவாங்கி என்று சந்தியும் இடறாமல் வருகிறது, 'ஒலி'யை இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதல் தடவை கேட்பவர் பேஸ் அதிகமாக வைத்து அதிரும் ஒலி என்று நினைக்கலாம். தம்பியே அப்படித்தான் நினைத்தான். பழகும்வரை ஸ்டீரியோ என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தம் கிடையாது. நல்ல கடன்சொல் தப்பான தமிழ்ச்சொல்லைவிட ஆயிரம் மடங்கு மேல். மைக்கையே 'ஒலிபெருக்கி' என்று கோயில் கமிட்டி அறிவிப்பில் சொல்லும் ஊரில் இதையெல்லாம் யாரிடம் சொல்லி அழுவது? பெருக்குவது அந்தப் பக்கத்து ஹார்ன், ஐயா. கையில் பிடித்திருப்பது வாங்குவது.

தம்பி விடவில்லை. "மோனோன்னா ஒற்றைதானேண்ணே? அப்ப ஸ்டீரியோ இரட்டைன்னு ஆகாதா?" என்றான். நியாயமான கேள்வி. ஒரே தடமாகப் பதியும் மோனோவின் வேருக்கு 'தனி' என்றுதான் பொருள், ஒற்றையொலி சரியான மொழிபெயர்ப்பே. ஆனால் இந்த ஜோடியே ஆங்கிலத்தில் கோணலாகக் கட்டியது. ஒருபுறம் எண்ணிக்கை, மறுபுறம் தன்மை. ஒற்றைச் செருப்புக்கு எதிர்ப்பதம் கெட்டிச் செருப்பு என்பதைப் போல. அவர்கள் கோணலை நாம் 'இரட்டை' போட்டு நிமிர்த்தினால் ஜோடி அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்காகத்தான் அவன் பணம் கட்டியிருக்கிறான். இப்போது அந்தக் குட்டி மைக் இரண்டையும் கோயில் கமிட்டித் தலைவரைப் பேட்டி எடுக்க வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அது பிரமாதமான சாமான்.