ஜீன் டெஸ்டுக்கு முன்னால் பெரியப்பாவின் மருந்துச் சீட்டு

"டாக்டர், ஜீன் டெஸ்ட் எடுத்தா எந்த மாத்திரை ஒத்துக்கும்னு தெரிஞ்சிடுமாமே?"

மனம் ஒரு சமயம் பித்துநிலை எனும் அளவுமீறிய உற்சாகத்திலும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்விலும் விழும் இருமுனைக் கோளாறு (பைபோலார்) உள்ளவர்களின் வீட்டார் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒரு மருந்து கேட்கிறதா என்று தெரியவே பல வாரங்கள் ஆகும், கேட்கவில்லையென்றால் அடுத்தது. அதுவரை வேலை, படிப்பு, கடன் என்று எல்லாம் சரிந்துகொண்டிருக்கும்.

இந்த நோயில் பரம்பரையின் பங்கு பெரிது. ஆனால் அது ஒற்றை மரபணுவின் வேலையல்ல. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள 64 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். அதை வைத்து உங்கள் மகனுக்கு நோய் வருமா, வராதா என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மருந்து விஷயத்தில் லித்தியத்தின் கதை சுவாரசியமானது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்துநிலைக்கு அதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார். இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அபாரமாகக் கேட்கிறது, சிலருக்குக் கொஞ்சமும் கேட்பதில்லை. ஏன் என்று தேடியவர்கள் 2016இல் 21ஆம் குரோமோசோமில் ஒரு தடயத்தைக் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, நோயாளிகளின் தோல் செல்களிலிருந்து ஆய்வகத்தில் நரம்பு செல்களை வளர்த்தபோது அவை அளவுமீறித் துடித்தன. லித்தியம் கேட்டவர்களின் செல்கள் மட்டும் லித்தியம் பட்டதும் அடங்கின. அருமையான அறிவியல். ஆனால் இதில் எதுவும் இன்னும் நான் எழுதிக்கொடுக்கக்கூடிய பரிசோதனையாக மாறவில்லை.

லித்தியம் ஒருவருக்கு நன்றாகக் கேட்டால் அதே நோயுள்ள ரத்த சொந்தங்களுக்கும் கேட்க வாய்ப்பு அதிகம் என்பது குடும்ப ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இதைத் தெரிந்துகொள்ள லேப் வேண்டாம், வாய் திறந்தால் போதும். அங்கேதான் சிக்கல். "எங்க பக்கம் யாருக்கும் இந்த மாதிரி கிடையாது" என்று சம்பந்தி வீட்டார் முன் அடித்துச் சொன்ன ஓர் அம்மா, சில வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பழைய சீட்டை அனுப்பினார். மடிப்பில் கிழிந்திருந்தது. லித்தியம் 300, காலை ஒன்று, இரவு ஒன்று. பெரியப்பாவுக்கு "நரம்புத் தளர்ச்சி"யாம், வருஷக்கணக்காகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறாராம். என்னிடம் வந்த அந்த அம்மாவின் மகளுக்கும் அதையே தொடங்கினோம், கேட்டது. எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு என்னிடம் இல்லை.

அதற்காகப் பெரியப்பாவின் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். லித்தியத்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம். கடைசி வேளை மாத்திரை போட்ட 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் அளவு பார்ப்போம். வயிற்றுப்போக்கோ, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய இபுப்ரோஃபெனோ போதும், அளவு எகிற.

பணம் கட்டி எடுக்கும் ஜீன் ரிப்போர்ட்டுகளில் மருந்துகள் பச்சை, மஞ்சள், சிவப்பாக வரும். எஸ்சிடலோபிராம் போன்ற மருந்தை உங்கள் ஈரல் வேகமாகக் கரைக்குமா மெதுவாகக் கரைக்குமா என்பதை அவை ஓரளவு சொல்லும். டோஸ் முடிவுசெய்ய அது உதவலாம். மனச்சோர்வு அந்த மருந்துக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி.

நிஜமாகவே உயிர்காக்கும் ஜீன் டெஸ்ட் ஒன்று உண்டு. வலிப்புக்கும் பித்துநிலைக்கும் தரும் கார்பமசிபின், எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். 2004இல் தைவானில் இந்தத் தொடர்பு தெரியவந்தது. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனை வழக்கமாகிவிட்டது. இந்தியர்களிலும் இந்த வகை உள்ளவர்கள் இருக்கிறார்கள். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது ஒரு தாளில் எழுதி வாருங்கள்: ரத்த சொந்தத்தில் யாருக்கு என்ன பிரச்சினை, எந்த மாத்திரை கேட்டது, எது தடிப்பைக் கிளப்பியது, பிரசவத்துக்குப் பின் யாருக்காவது மனம் குழம்பியதா, தற்கொலை நடந்ததா. எல்லார் முன்னாலும் சொல்ல முடியாதென்றால் தனியாக ஐந்து நிமிடம் கேளுங்கள், மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்கிறேன்.