புகை வெளிப்பாடு: உள்ளே போவதா, வெளியே வருவதா?

சாயல்குடிப் பக்கம் மதினி வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். பனை மட்டையும் சீமைக்கருவேல் விறகும் எரிய, பதநீர் பாகாகும் வரை மதினி அடுப்பை விட்டு நகர முடியாது. போன பருவத்தில் மருத்துவ முகாம் ஒன்றில் அவருக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அதில் இருந்தது இது: ‘நீண்டகாலப் புகை வெளிப்பாடு மரபணு வெளிப்பாட்டை மாற்றி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை உண்டாக்கும்.’

மதினி இரண்டு தரம் படித்தார். “புகைதான் ஓலை இடுக்கு வழியா வெளிய போயிருதே தம்பி, அப்புறம் என்னவாம்?”

இதே ‘புகை வெளிப்பாடு’ கட்டுரைகளிலும் செய்தியிலும் வந்து வந்து எனக்கு அலுத்துவிட்டது. சொல்ல வந்ததற்கு நேர் எதிர்ப்பொருள் அல்லவா கிடைக்கிறது?

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரபணு வெளிப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஷன், லத்தீனில் பிழிந்து வெளியே எடுப்பது. புகை வெளிப்பாட்டுக்கு எக்ஸ்போஷர், வெளியே வைப்பது. இரண்டிலும் ‘எக்ஸ்’ இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் ‘வெளி’யைப் போட்டு வேலையை முடித்துவிட்டார்.

மரபணு வெளிப்பாட்டில் பிழை இல்லை. எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான். எது எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. மரபணுவில் உள்ள செய்தி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, பெரும்பாலும் புரதமாகிறது. உள்ளே இருப்பது வெளிப்படுகிறது, சரி. (மரபணுவில் ‘அணு’ எதற்கு என்ற சண்டை தனி. அது வேரூன்றிவிட்டது, விடுங்கள்.)

புகையில் கதை வேறு. அங்கே வெளியே வைக்கப்படுவது ஆள், புகை அல்ல. ‘புகை வெளிப்பாடு’ என்றால் கரிமூட்டம் போடுகிறவருக்கு மூட்டத்திலிருந்து கிளம்பும் புகைதான். நண்பர் ஒருவர் ‘புகைக்கு ஆட்படுதல்’ என்றார். அது பீடிக்கு அடிமையானவரைச் சொல்வது போல இருக்கிறது. மதினி பீடியைத் தொட்டதே இல்லை. ‘ஆளாதல்’ பரவாயில்லை, ஆனால் வழக்கு விசாரணை வாடை.

நம்மிடம் ‘படுதல்’ இருக்கும்போது ஏன் இந்தத் திண்டாட்டம்? வெயில் படுகிறது, தூசி படுகிறது, உப்புக்காற்று பட்டு ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது. மழை பட்ட கருவாட்டை யாரும் ‘மழை வெளிப்பாடு’ அடைந்த கருவாடு என்பதில்லை. நோயின் பெயரிலேயே ‘நாள்பட்ட’ என்று இந்தப் ‘படு’ உட்கார்ந்திருக்கிறது. ‘புகைபடுதல் என்றால் புகைப்படம் ஞாபகம் வருமே’ என்று ஆட்சேபம் வந்தது. ‘புகை படுற இடத்துல நிக்காத’ என்றால் கேமராவைத் தேடுகிறவர் யார்?

அடுத்த மொழிபெயர்ப்புத் தலைவலி மைக்ரோ ஆர்என்ஏ. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் குழுக்கள் ஒரு சிறு புழுவில் இதைக் காட்டின. 2024இல் இருவருக்கும் நோபல். நீளம் ஏறத்தாழ 22 எழுத்துதான், அதாவது ஆர்என்ஏ சங்கிலியில் 22 கண்ணி. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் செய்தி ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதைப் புரதமாக விடாமல் தடுக்கும், அல்லது சிதைக்கும். இதை ‘நுண் ஆர்என்ஏ’ என்று எழுதினால் நுண்ணுயிர், நுண்கிருமி என்று கிருமி வரிசையில் போய் நிற்கிறது. ‘குறு’ என்றால் குறைந்த நீளம் உடனே விளங்கும், குறுநொய் போல. இது செய்யும் ‘ரெகுலேஷ’னை ‘குறு ஆர்என்ஏ ஒழுங்குமுறை’ என்பதும் வேண்டாம். சர்க்கார் விதிமுறை போல ஒலிக்கிறது. இங்கே நடப்பது மட்டுப்படுத்துவது.

அந்த மட்டுப்படுத்தல் தவறினால் என்ன ஆகும்? மைஆர்-146ஏ என்ற குறு ஆர்என்ஏ, காக்ஸ்-2 மரபணுவின் செய்தியைச் சிதைக்கும். அடைப்பு நோயாளிகளின் நுரையீரல் இணைப்புத்திசு செல்களில், அழற்சித் தூண்டல் வரும்போது இது போதிய அளவு எழுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். காக்ஸ்-2 செய்தி நெடுநேரம் நிலைக்கிறது. அந்தச் செய்தியிலிருந்து வரும் நொதி உண்டாக்கும், அழற்சியோடு தொடர்புள்ள புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகுகிறது. இவ்வளவும் ‘ஒழுங்குமுறை’ என்ற சொல்லுக்குள் புதைந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

துண்டறிக்கையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: ‘பல வருஷம் மேலே புகை பட்டால், நுரையீரலில் மரபணுக்கள் வெளிப்படும் அளவு மாறும்; மூச்சுக்குழல் அடைக்கும்.’

மதினி படித்துவிட்டு நிமிர்ந்தார். “அப்ப காத்து அடிக்கிற பக்கம் பாத்து அடுப்ப மாத்திப் போடச் சொல்றீகளா?”