கிணற்றில் ஆலைக் கழிவு: இழப்பீடு கேட்கும் முன்

ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போனவர்கள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு வழி செய்வது 2010-ம் ஆண்டுச் சட்டம். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆலையின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கழிவுக்கும் உங்கள் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். கோட்டை விடுவது அங்கேதான்.

ஆய்வகத்தில் 'குடிநீர் டெஸ்ட்' என்று மட்டும் சொன்னால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு), கடினத்தன்மை, குளோரைடு என வழக்கமானதைப் பார்த்து, 'குடிக்க உகந்தது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். குரோமியம், ஈயம் என்ற பேச்சே இருக்காது. குரோமியம் பயன்படுத்தித் தோல் பதனிடும் ஊரில் இப்படியொரு ரிப்போர்ட் வாங்கினால் அது ஆலைக்காரருக்குத்தான் உதவும். உலோகங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், ஈயம் 0.01 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தையும் படியுங்கள். 'மாதிரி வாடிக்கையாளர் கொண்டுவந்தது' என்றிருந்தால், இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எதிர்த்தரப்பு மடக்கும். செலவு கூடினாலும் ஆய்வக ஆளையே வரவழைத்து, சர்வே எண்ணோடு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம். கழிவை நிறுத்த உத்தரவு மட்டும் கேட்டால் 6 மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இரண்டுக்குமே மேலும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு ரசீதுகள் கட்டுக்கட்டாக இருந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது. ஆட்சியர் அலுவலகம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும்; வாரியம் 'நிலத்தடி நீர் எங்கள் பொறுப்பல்ல' என்று சொல்லும்; அடுத்த அலுவலகம் 'கழிவென்றால் வாரியம்தான்' என்று திருப்பிவிடும். இந்த அலைச்சலில் ஆண்டுகள் போய்விடும். மனுவைப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் 'என்ன நடவடிக்கை?' என்று கேட்டால் 'எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வரும். ஆலைக்குக் கொடுத்த இசைவாணை (இயங்குவதற்கான வாரிய அனுமதி) நகல், கழிவுநீர் ஆய்வறிக்கைகளின் நகல் என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்.

தீர்ப்பாய மனுவில் ஆத்திரத்தில் இழப்பீடு ஒரு கோடி என்று எழுதிவிடாதீர்கள். கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், அதாவது ஒரு லட்சம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நிலத்துக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கேட்பது உரிமையாளர்தான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடந்தால், முதலில் வாரிசுச் சான்றிதழோடு தாலுகா அலுவலகம் போய்ப் பெயர் மாற்றுங்கள்.