மழையில் கேரவன் ஜன்னலை மூடும் முன்

கன்னியாகுமரியில் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, கேரளக் கரையை ஒட்டியே கேரவனில் போக வேண்டும், அதுவும் ஜூன், ஜூலை மழையில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். போய் வாருங்கள், அருமையான பாதை. சாலை வழுக்கும், மரம் விழும், கடல் பொங்கும் என்பதெல்லாம் கிளம்பும்போதே வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு உள்ள பயம் வேறு. ஓரமாக நிறுத்திய வண்டிக்குள் சத்தமில்லாமல் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு.

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே, சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்துப் பார்த்ததில், வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியது தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் வாயுவின் அளவு 900 பி.பி.எம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 900 பங்கை) தாண்டிவிட்டது. வண்டிகளில் பொருத்தும் எச்சரிக்கைக் கருவி 300 பி.பி.எம் இருந்தால் மூன்றே நிமிடத்துக்குள் அலற வேண்டும் என்பது ஐரோப்பியத் தர விதி. எவ்வளவு அதிகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. சாரல் அடிக்கிறது என்று எல்லா ஜன்னலையும் மூடுகிறோம். கூரைத் திறப்பில் தண்ணீர் சொட்டினால் துணியை அடைக்கிறோம். வெளியே வைக்க வேண்டிய சின்ன ஜெனரேட்டரை, நனையக் கூடாதே என்று வண்டிக்கு அடியிலோ பக்கத்துத் தார்ப்பாய்க்குக் கீழோ தள்ளுகிறோம். கடற்காற்று அந்தப் புகையை வண்டிப் பக்கமே திருப்பும். கரையில் மீன் சுடக் கொண்டுவந்த கரியடுப்பும் மழை வந்ததும் உள்ளே வந்துவிடுகிறது. இதுதான் எல்லாவற்றிலும் மோசம். தணல் புகையில்லாமல் கனன்றாலும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது.

முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல். மலைப்பாதையே இல்லாத ஊரில் "வண்டி ஒத்துக்கலை" என்பார்கள், இல்லாவிட்டால் மதியம் சாப்பிட்ட மீன்மேல் பழி விழும். இப்படி வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? வெளியே இறங்கி நின்றால் குறைகிறதா? உள்ளே ஏதாவது எரிந்ததா, ஓடியதா? காய்ச்சல், பேதி எதுவும் இல்லாமல் வண்டியிலிருந்த அத்தனை பேருக்கும் தலைவலி என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை நான் இந்த வாயுவைத்தான் சந்தேகிப்பேன்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் பலரது பையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பவே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது எது என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பு ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும்போதும் திரையில் 98 என்றே காட்டும். "98 இருக்கே, சரி, படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிடுவோம், அந்தத் தூக்கத்தில்தான் உயிர் போகிறது. ரத்தத்தில் தனிப் பரிசோதனை செய்தால்தான் உண்மை அளவு தெரியும்.

சந்தேகம் வந்தால் கொட்டும் மழையாக இருந்தாலும் எல்லோரும் உடனே வெளியே இறங்குங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதலில். பையைத் தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் "வண்டிக்குள் ஜெனரேட்டர் புகை வந்திருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எங்கள் வேலை பாதி அங்கேயே முடிந்துவிடும். சாதாரணக் காற்றில் இந்த வாயுவில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

வாடகைக்கு எடுக்கும்போது படுக்கை, டிவியைப் பார்க்கிறோம். குனிந்து தளத்தையும் பாருங்கள். வயர் நுழையும் ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றனவா, புகைக்குழாய் வண்டியின் ஓரம் தாண்டி வெளியே நீள்கிறதா என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். தீப்புகை அலாரமும் சிலிண்டர் கசிவு அலாரமும் வேறு, அவை இதைக் கண்டுபிடிக்காது. இரவு தூங்கப் போகும்போது ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், மழை படாத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

பிழைத்து வந்தவர்களின் குடும்பத்தாரிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் தென்பட்டால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கேரவனில் நடந்ததை அவரிடமும் சொல்லுங்கள்.