கேட்கும் முன்பே வந்து நிற்கும் பக்கம்

சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் இருந்து 4 ஜிபி படம் ஒன்றை லேப்டாப்புக்குக் காப்பி செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதே டிஸ்கில் இன்னொரு ஃபோல்டர், அதுவும் 4 ஜிபிதான். ஆனால் உள்ளே ஏறக்குறைய ஒரு லட்சம் குட்டி ஃபைல்கள். அரை மணி நேரம் ஓடியது. எடை ஒன்றுதானே, கூலி மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?"

கேள்வியில் பாதிக்குப் பதில் எளிது. அவருடையது போன்ற டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம் டிஸ்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 15 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ஃபைலுக்கு ஒவ்வொரு தடவை நகர்ந்தாலே 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம் போய்விட்டது. தலை நகராமல் ஒரே போக்கில் படித்தால் அதே டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட் தரும். 40 விநாடியில் படம் முழுவதும் வந்துவிடும்.

பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதி டிஸ்கில் இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பாதி.

படத்தைப் படிக்கும் நிரல் "4 ஜிபியையும் கொடு" என்று ஒருபோதும் கேட்பதில்லை. கொஞ்சம் கேட்கும், வந்ததைக் கையாளும், பிறகு அடுத்த கொஞ்சத்தைக் கேட்கும். கேட்டதை மட்டும் கெர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, கொண்டுவந்து கொடுத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த கேள்வி வருவதற்குள் வேண்டிய இடம் தலையைக் கடந்தும் போயிருக்கலாம். ஆகவே தலை ஓரிடத்துக்குப் போனதும், கேட்டதோடு பக்கத்தில் இருப்பதையும் அள்ளிவந்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இதற்கு ரீட்அஹெட் என்று பெயர். தமிழில் முன்வாசிப்பு என்று சொல்லலாம்.

சிக்கல் எங்கே என்றால், எல்லா நிரலும் வரிசையாகப் படிப்பதில்லை. ஒரு டேட்டாபேஸ் இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று தாவித் தாவிப் படிக்கும். அதற்கு முன்வாசிப்பு செய்தால், அள்ளிவந்ததெல்லாம் வீண். வீண் மட்டுமல்ல, நினைவகத்தில் ஏற்கெனவே இருந்த பயனுள்ள தகவல்களை அது வெளியே தள்ளிவிடும். எனவே கெர்னல் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த நிரல் வரிசையாகப் போகிறதா, தாவுகிறதா?

நிரல் தானாகவே சொல்லிவிட வழி உண்டு. "வரிசையாகத்தான் படிப்பேன்" என்று முன்கூட்டியே அறிவித்தால் லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் முன்வாசிப்பின் உச்சவரம்பை இரண்டு மடங்காக்கும். "தாவித் தாவித்தான் படிப்பேன்" என்றால் முன்வாசிப்பையே நிறுத்திவிடும். ஆனால் பெரும்பாலான நிரல்கள் எதையும் சொல்வதில்லை. கெர்னல்தான் நடத்தையைப் பார்த்து ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகம் மிகப் பழையது. 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் கடைசியாகப் படித்த பிளாக்கின், அதாவது துண்டின், எண் குறித்துவைக்கப்பட்டது. இப்போது கேட்பது அந்த எண்ணுக்கு அடுத்ததாக இருந்தால், அதற்கும் அடுத்த 512 பைட் பிளாக்கையும் சேர்த்து வரவழைத்துவிடும். ஒரே ஓர் ஒப்பீடு, ஒரே ஒரு பிளாக் முன்னால். சோதனை முழுவதும் ஒரு வரியில் அடங்கிவிட்டது. விண்டோஸும் இதே வழியில் சற்று விரிவாகச் செய்கிறது: கடைசி இரண்டு வாசிப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு போக்கைக் கணிக்கிறது.

லினக்ஸ் இதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலில் ஒரு பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பரிமாறுபவர் யாரிடமும் "அடுத்து ரசம் வேண்டுமா?" என்று கேட்டு நிற்பதில்லை. அவர் கண் இலையில் இருக்கும். சாம்பார் சோறு பாதியாகும்போதே உள்ளே குரல் கொடுத்துவிடுவார். கடைசிக் கவளம் வாய்க்குப் போகும்போது ரசம் இலைக்கு வந்திருக்கும். இலை காலியான பிறகு சமையற்கட்டுக்கு ஓடுபவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை. சாப்பிடுபவர் கையைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கெர்னலும் அப்படித்தான். ஒரு நிரல் ஃபைலைத் திறந்து, ஒரு தடவைக்கு ஒரு பக்கம் என்று படிப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கம் என்பது 4 கிலோபைட். பக்கங்களை 0, 1, 2 என்று எண்ணுவோம். நிரல் 0ஆம் பக்கத்தைக் கேட்கிறது. அது நினைவகத்தில் இல்லை. ஃபைலின் தொடக்கத்தில் இருந்து படிப்பவர் வரிசையாகப் படிக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று கெர்னல் ஒரு சின்னப் பந்தயம் கட்டுகிறது. 0 முதல் 3 வரை நான்கு பக்கங்களை வரவழைக்கிறது. கூடவே 1ஆம் பக்கத்தின் மீது ஓர் அடையாளம் வைக்கிறது.

எனக்குப் பிடித்தது இந்த அடையாளம்தான். அது ஒரே ஒரு பிட். "யாராவது இந்தப் பக்கத்தைத் தொட்டால் அடுத்த தொகுதிக்கு ஆணை கொடு" என்பது அதன் பொருள். நிரல் 1ஆம் பக்கத்தைத் தொடுகிறது. பக்கம் நினைவகத்திலேயே இருப்பதால் நிரலுக்குக் காத்திருப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொடுகையில் பந்தயம் வென்றது என்று கெர்னலுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே இரண்டு மடங்கு: 4 முதல் 11 வரை எட்டுப் பக்கங்கள், அடையாளம் 4இல். 4ஐத் தொட்டதும் 12 முதல் 27 வரை பதினாறு, அடையாளம் 12இல். 12ஐத் தொட்டதும் 28 முதல் 59 வரை முப்பத்திரண்டு. வழக்கமான உச்சவரம்பு 128 கிலோபைட், அதாவது 32 பக்கம். இதற்குப் பிறகு தொகுதி தொகுதியாக இதே அளவில் ஓடும்.

அடையாளம் எங்கே வைக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். தொகுதியின் முடிவில் அல்ல, தொடக்கத்தில். புதிய தொகுதிக்குள் நிரல் முதல் அடி வைத்தவுடனே அதற்கு அடுத்த தொகுதி கிளம்பிவிடுகிறது. நிரல் 32 பக்கங்களை மென்று முடிக்கும் வரை டிஸ்குக்கு அவகாசம் இருக்கிறது. நிரலும் டிஸ்கும் ஒருவருக்காக ஒருவர் நிற்காமல் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள்.

தாவுபவரை எப்படிக் கண்டுகொள்கிறது? ஃபைலின் நடுவில் எங்கோ ஒரு பக்கம் கேட்கப்படுகிறது, அதுவும் நினைவகத்தில் இல்லை. சென்ற முறை படித்த இடத்துக்கு அடுத்ததா? ஆம் என்றால் புதிதாக ஒரு சின்னப் பந்தயம். இல்லை என்றால், இதற்குச் சற்று முன்னால் உள்ள பக்கங்கள் ஏற்கெனவே வரிசையாக நினைவகத்தில் கிடக்கின்றனவா என்று திரும்பிப் பார்க்கிறது. மணலில் காலடித் தடம் தேடுவது போல. தடம் இருந்தால், யாரோ வரிசையாக நடந்து வந்திருக்கிறார்கள். தடமும் இல்லை என்றால் கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எதுவரை படித்தாயிற்று என்று குறித்துவைக்கும் தன் குறிப்பேட்டை அந்தத் தனித் தாவலுக்காக அது திருத்துவதும் இல்லை. இந்தக் குறிப்பேடு ஃபைலுக்கு ஒன்று அல்ல, ஒவ்வொரு திறப்புக்கும் ஒன்று. ஒரே படத்தை இரண்டு பேர் வேறு வேறு இடத்தில் பார்த்தால் இரண்டு குறிப்பேடுகள் இருக்கும்.

ஒரே திறப்பை இரண்டு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) பகிர்ந்துகொண்டு, ஒன்று தொடக்கத்தில் இருந்தும் மற்றொன்று நடுவில் இருந்தும் மாறி மாறிப் படித்தால்? குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் அது தாவல் போலவே தெரியும். ஆனால் அடையாளம் குறிப்பேட்டில் இல்லை, பக்கத்தின் மீதே இருக்கிறது. எந்தத் திரெட் தன் பாதையில் அடையாளமிட்ட பக்கத்தைத் தொட்டாலும், கெர்னல் அங்கிருந்து நினைவகத்தில் எதுவரை பக்கங்கள் இருக்கின்றன என்று பார்த்து, முதல் இடைவெளியில் இருந்து முன்வாசிப்பைத் தொடர்கிறது. குறிப்பேடு குழம்பினாலும் பாதை தொலைவதில்லை.

இந்த வடிவத்தின் அடிப்படை 2007இல் லினக்ஸ் 2.6.23உடன் வந்தது. எழுதியவர் வூ ஃபெங்குவாங், சீனாவின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதற்கு முன்பு இருந்த முறையில் இப்போதைய சாளரம் (ஒரு தடவை வரவழைக்கும் பக்கத் தொகுதி), அடுத்த சாளரம் என்று இரண்டைத் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டியிருந்தது. அவர் அதை ஒரு சாளரமாகவும் ஓர் அடையாளமாகவும் சுருக்கினார். ஒவ்வொரு பக்கத்தின் நிலையையும் குறித்துவைக்கக் கிடைக்கும் பிட்டுகள் அரிது என்பதால், அடையாளத்துக்குப் புதிய பிட் எதுவும் கேட்கவில்லை. வேறு வேலைக்கு ஏற்கெனவே இருந்த ஒரு பிட்டையே பகிர்ந்துகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுக்கு நிதி கேட்டுப் போவது கடினம். திறப்பு விழா நடத்திக் காட்ட எதுவும் இல்லை. சில நூறு வரி நிரல், அவ்வளவுதான். ஆனால் உங்கள் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. அந்தச் சில நூறு வரிகள் அதற்குள்ளும் இருக்கின்றன. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தை வரைபடங்களாக மனப்பாடம் செய்யும் நம் மாணவர்களுக்கு இந்த ஒரு ஃபைலை மட்டும் திறந்து வரிவரியாகப் படிக்க ஒரு வாரம் கொடுத்தால், தேர்வுக்கான குறிப்புகளைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வரிசையைக் கண்டுபிடிப்பது முன்வாசிப்புக்கு மட்டும் பயன்படுவதில்லை. மெதுவான ஹார்டு டிஸ்குக்கு முன்னால் சுழலும் தட்டு இல்லாத வேகமான சின்ன எஸ்எஸ்டி ஒன்றைக் கேஷாக, அதாவது அடிக்கடி வேண்டியதைக் கைக்கெட்டும் இடத்தில் சேர்த்துவைக்கும் கிடங்காக, வைக்கும் பிகேஷ் என்ற லினக்ஸ் ஏற்பாடு, இதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. வரிசை வாசிப்பை ஹார்டு டிஸ்கே நன்றாகச் செய்துவிடும். அதற்கு எஸ்எஸ்டியில் இடம் கொடுப்பது வீண். எனவே அண்மைய 128 கோரிக்கைகளைக் கண்காணித்து, ஒரு தொடர் 4 மெகாபைட்டைத் தாண்டினால் அதை எஸ்எஸ்டிக்குள் விடாமல் நேரே டிஸ்குக்கு அனுப்பிவிடும். ஒரு பெரிய படத்தைக் காப்பி செய்வதால், தாவல்களுக்காகச் சேர்த்துவைத்த கேஷ் முழுவதும் அடித்துச் செல்லப்படாது.

இந்த 128 கிலோபைட் உச்சவரம்பைப் பல மடங்கு ஏற்றிவிட்டால் எல்லாம் வேகமாகிவிடும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஃபைல்களை மட்டும் வரிசையாகப் படிக்கும் கம்ப்யூட்டருக்கு அது உதவக்கூடும். அளந்து பார்க்காமல் எல்லாரும் செய்வது, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரீஃப்ரெஷ் அழுத்தினால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்ற நம்பிக்கையோடு சேர்க்க வேண்டியது. ரீஃப்ரெஷ் டெஸ்க்டாப்பில் இருப்பதை மறுபடி பார்த்து ஐகான்களை வரைகிறது, கம்ப்யூட்டரை வேகமாக்குவதில்லை. மூடநம்பிக்கைக்குக் கோயிலும் சாமியாரும் வேண்டும் என்பதில்லை, ஒரு மவுஸ் இருந்தாலும் போதும். அதைப் போக்க ஒரு கடிகாரம் போதும்: மாற்றுவதற்கு முன்பும் பின்பும் நேரம் குறித்துப் பாருங்கள்.

வாசகியின் ஃபோல்டருக்கு வருவோம். 4 ஜிபியில் ஒரு லட்சம் ஃபைல் என்றால் ஒன்று சராசரியாக 40 கிலோபைட், பத்துப் பக்கம். லினக்ஸ் கணக்குப்படி நான்கு பக்கத்தில் தொடங்கி, அடுத்து எட்டு என்று வளரும்போதே ஃபைல் முடிந்துவிடுகிறது. இந்த முன்வாசிப்பு ஒரு ஃபைலின் எல்லையைத் தாண்டுவதில்லை. அடுத்து எந்த ஃபைலைத் திறப்பீர்கள் என்று ஊகிக்க அதற்கு எந்தத் தடமும் கிடையாது. அடுத்த ஃபைலில் மறுபடி முதலிலிருந்து. நடுவில் அது டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைத் தேடித் தலை வேறு அலைய வேண்டும்.

அந்த ஃபோல்டரை அடிக்கடி இடம் மாற்றுவதாக இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கட்டும்போது அந்த அரை மணி நேரம் ஒரு தடவை போகும், ஏனென்றால் கட்டுவதற்கும் ஒவ்வொரு ஃபைலாகப் படித்தாக வேண்டும். அடுத்த தடவையிலிருந்து அதுவும் ஒரு சினிமாப் படம் போலவே வரும்.