மக்குதல்: சருகு அழுகுறது வேற, மக்குறது வேற

ஜூன் 12 மேட்டூர் திறக்குறதுக்கு முன்னாடி எங்க பக்கம் வாய்க்கால் தூர் வாருவாங்கல்ல, அப்ப ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. கரையோரம் ஈரத்துல ஒதுங்குன பூவரசு இலை பழுப்பாகி மெத்துனு ஆயிருக்கும், விரல்ல தேச்சா கூழாகும், மண் வாசனை வரும். அடியில காத்தே படாத கருப்புச் சேத்துல அமுங்கிக் கிடந்த இலை குப்புனு நாறும். மேல உள்ளதை "மக்கிருச்சு"ன்னு சொல்லுவாங்க, அடியில உள்ளதை "அழுகிருச்சு"ம்பாங்க. படிக்காத ஆளும் இந்த ரெண்டையும் மாத்திச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனா பாடப்புத்தகத்துக்குப் போனா பல எடத்துல ரெண்டுக்குமே "சிதைவு"ன்னு போட்டுடறாங்க, அதுதான் எனக்கு ஆறல.

சிதைவுங்குறது இங்கிலீஷ்ல டீகம்போஸிஷன்ங்குற சொல்லுக்கு ஈடா எடுத்துக்கிட்டது. லத்தீன்ல கம்போனேர்னா சேத்து வைக்கிறது, முன்னாடி டீ போட்டா சேத்ததைப் பிரிக்கிறது. நம்ம தோட்டத்து கம்போஸ்ட்டும் அதே வேருதான். அந்தச் சொல்லுல பிரியிறது மட்டும்தான் தெரியுது. சிதைவும் அப்படித்தான், செவுரு இடிஞ்சாலும் சிதைவு, சிலை உடைஞ்சாலும் சிதைவு. மக்குதல் அப்படி இல்ல. எழுத்துல மட்குதல், பேச்சுல மக்குதல். ஒளி மங்குறது, மழுங்குறதுன்னு பழைய பொருள் இருக்கு, புத்தி மழுங்குனவனை மக்குன்னு திட்டுறதும் இதுல இருந்துதான். இலைக்குச் சொல்லும்போது பச்சை மங்கி, உரு மங்கி, கடைசில இன்னொரு உயிருக்குச் சோறாகுற வரைக்கும் அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கிருது. கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் வயல்ல மிதிச்சுட்டு "தழை மக்கட்டும், அப்புறம் நடலாம்"னு காத்திருக்குறவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

சரி, ஓடையில விழுந்த இலையை யாரு மக்க வைக்கிறா? பெரும்பாலும் பூஞ்சை, அதுலயும் தண்ணியில வாழுற ஹைஃபோமைசீட்ஸ்னு ஒரு கூட்டம். கிரேக்கத்துல ஹைஃபேன்னா வலை, நெசவு, மைக்கேஸ்னா காளான். 1942ல இங்கோல்டுங்குற பூஞ்சை ஆராய்ச்சியாளர் ஓடையில கிடந்த ஆல்டர் மரத்து இலைகளை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்து, நாலு கை நீட்டுன வித்துகளை (ஸ்போர்) விட்டுக்கிட்டு ஒரு பூஞ்சை உலகமே அதுல வாழுதுன்னு எழுதினார். நெருஞ்சி முள்ளை நினைச்சுக்குங்க, எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு முனை குத்தும்ல, அதே மாதிரி ஓடுற தண்ணியில எந்தப் பக்கம் புரண்டாலும் இந்த வித்து ஒரு இலையில கையை ஊனிக்கும். மதகுல கட்டி நிக்கிற நுரை மாதிரி ஓடை நுரையிலயும் இதுக நிறைய சிக்கும். தெளிஞ்சு, காத்து கலந்து ஓடுற தண்ணிதான் இதுகளுக்குப் புடிச்ச இடம், நம்ம காவேரி பொறக்குற குடகு ஓடைகள்லயே மங்களூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுகளைத் தேடிப் பாத்து எழுதியிருக்காங்க. இழை இலைக்குள்ள புகுந்து நொதியை விட்டு நாரை இளக்கிடும், அப்புறம்தான் பூச்சிப்புழு, குட்டி இறால் மாதிரி உயிருங்க கடிக்க வரும். பூஞ்சை ஏறாத இலை அதுகளுக்கு ருசிக்காது, சத்தும் பத்தாது. சின்ன வயசுல அரச இலையை வாரக்கணக்குல தண்ணியில ஊறப் போட்டு, நரம்பு மட்டும் சல்லடை மாதிரி நின்னதும் நோட்டுக்குள்ள வைப்போமே, சதையைத் தின்னது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஆளுங்கதான்.

இங்கதான் உலோகம் வில்லங்கம் பண்ணுது. தாமிரம், துத்தநாகம், காட்மியம் தண்ணியில கரைஞ்சு வந்தா முதல்ல இழையோட சுவர்ல ஒட்டும், உள்ள போனா நொதிகள்ல கந்தகம் இருக்குற இடத்தைக் கவ்வி வேலையைக் கெடுக்கும். பூஞ்சை உடனே செத்துடாது, வளர்றது குறையுறதுக்கு முன்னாடியே வித்து விடுறது படுத்துடும், அதாவது இந்த இலையில இருக்கு, அடுத்த இலைக்குப் போக ஆளில்ல. வகை குறைஞ்சுக்கிட்டே வந்து தாங்குற சிலது மட்டும் மிஞ்சும். ஜெர்மனில மான்ஸ்ஃபெல்ட் பக்கம் பழைய தாமிரச் சுரங்கத் தண்ணியில கூட ஹெலிஸ்கஸ் லுக்டுனென்சிஸ்னு ஒண்ணு தாக்குப்பிடிச்சுக் கிடக்கு. அதனால லேசான மாசுல இலை எப்படியோ மக்கிடுது, வெளியில ஒண்ணும் தெரியாது, மாசு ஏற ஏறத்தான் சருகு அட்டை மாதிரி விறைச்சு அப்படியே கிடக்கும். உப்புச்சத்து கம்மியான, புளிப்பு ஏறுன தண்ணியா இருந்தா பாதிப்பு இன்னும் அதிகம்.

நம்ம நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பித்தளை, பித்தளைன்னா தாமிரமும் துத்தநாகமும்தான். விளக்கா இருக்குற வரைக்கும் அதால தண்ணிக்குக் கெடுதல் இல்ல, அமிலத்துல கழுவுன தண்ணி வடிகால்ல இறங்குனா மட்டும்தான் பயம், அதுவும் எந்த ஊருப் பட்டறையா இருந்தாலும் ஒண்ணுதான். இலை மக்கும், சாணி மக்கும், தாமிரம் மக்காது. வண்டல்ல போய் உக்காந்துக்கும், தண்ணி புளிச்சா மறுபடி கரைஞ்சு வரும். உலோகத்துக்கு மாழைன்னு பழஞ்சொல்லு இருக்கு, ஐம்பொன்னுல வர்ற பொன்னும் பொதுவா உலோகத்தைக் குறிக்கிறதுதான், ஆனா உலோகம்னே எழுதுங்க, எல்லாருக்கும் புரியுது, அதுல எனக்குச் சண்டை இல்ல.

மக்குதலை மட்டும் விட்டுடாதீங்க. லீஃப் லிட்டர் டீகம்போஸிஷன்னு வந்தா "சருகு மட்கல்"னு எழுதலாம், ஓடையில வாழுற ஹைஃபோமைசீட்ஸை நான் "ஓடைப்பூஞ்சை"ன்னு எழுதுறேன், இழைப்பூஞ்சைன்னா பெரும்பாலான பூஞ்சைக்கும் இழை இருக்கேன்னு கேப்பாங்க. பிள்ளைங்களுக்குக் காட்டணும்னா காஞ்ச பூவரசு இலையை எடை போட்டு, கொசுவலைத் துணியில ரெண்டு பை தச்சு, ஒண்ணை நல்ல வாய்க்கால்லயும் ஒண்ணைச் சந்தேகமான வடிகால்லயும் முளையடிச்சுக் கட்டிட்டு, ஒரு மாசம் கழிச்சு அலசிக் காயவச்சு மறுபடி எடை போடச் சொல்லுங்க. வடிகால்ல இறங்கும்போது கையுறை போட்டுக்கணும்.